எலிசபெத் காலத்து உரைநடை ரொமான்ஸ்களும் லண்டன் நாடக மேடையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷேக்ஸ்பியர் நாடகத்தின் எந்தப் பதிப்பை எடுத்தாலும் முன்னுரையில் ‘மூலக்கதை’ என்று ஒரு பத்தி இருக்கும். கிரீன், லாட்ஜ், சிட்னி என்று சில பெயர்கள் வந்து போகும். தேர்வுக்காக அவற்றை மனப்பாடம் செய்துவிட்டு மாணவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்தப் பெயர்களுக்குப் பின்னால் உள்ள புத்தகங்களைத் திறந்து பார்த்தால்தான் நாடகம் எந்த இடத்தில் நாடகமாகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். அதற்காகத்தான் இந்தக் கேள்வி பதில்.

உரைநடை ரொமான்ஸ் என்று எதைச் சொல்கிறார்கள்?

முதலாம் எலிசபெத் ஆண்ட 1558 முதல் 1603 வரையிலான ஆண்டுகளில் இங்கிலாந்தில் எழுதப்பட்ட கற்பனைக் கதைகளை. இன்று நாம் நாவல் என்று சொல்லும் வடிவம் அப்போது உருவாகியிருக்கவில்லை. அரசகுமாரன் மேய்ப்பன் வேடத்தில் திரிவான். கப்பல் உடையும். கைக்குழந்தையைப் படகில் வைத்துக் கடலில் விடுவார்கள், அது எங்கோ கரை ஒதுங்கும். பெண் ஆண் வேடமிட்டுக் காதலனைத் தேடிப் போவாள். தெய்வவாக்கு ஒன்று வரும், அதன் பொருள் கடைசியில்தான் விளங்கும். நடுநடுவே பாட்டு, கடிதம், புலம்பல் எல்லாம் உண்டு.

இவற்றில் ஒரு தனிப் பழக்கத்தைக் கவனிக்க வேண்டும். காதல் வந்த பாத்திரம் உடனே எதுவும் செய்துவிடாது. தனியே உட்கார்ந்து, தனக்குத்தானே கேள்வி கேட்டு, தானே பதில் சொல்லி, பக்கக் கணக்கில் வாதாடும். மேடையில் நாம் கேட்கும் தனிமொழிக்கு இந்தப் பக்கங்கள் நெருங்கிய உறவு.

முக்கியமான நூல்கள் என்றால் ஜான் லிலியின் ‘யூஃபியூஸ்’ (1578), அதன் தொடர்ச்சியான ‘யூஃபியூஸும் அவனது இங்கிலாந்தும்’ (1580), ராபர்ட் கிரீனின் ‘பண்டோஸ்டோ’ (1588), ‘மெனஃபோன்’ (1589), தாமஸ் லாட்ஜின் ‘ரோஸலிண்ட்’ (1590), ஃபிலிப் சிட்னியின் ‘ஆர்கேடியா’ (1590, 1593). தாமஸ் நாஷ், எமானுவேல் ஃபோர்டு, தாமஸ் டெலோனி ஆகியோரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கதைகள் இங்கிலாந்திலேயே பிறந்தவையா?

இல்லை. வேர்கள் பல ஊர்களில் இருக்கின்றன. பழைய கிரேக்கக் கதைகளில் ஹீலியோடோரஸ் எழுதிய ‘எத்தியோப்பியக் கதை’யை தாமஸ் அண்டர்டவுன் 1569-இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். ‘டாஃப்னிஸும் க்ளோயியும்’ 1587-இல் ஏஞ்சல் டே வழியாக வந்தது. கடல், கொள்ளையர், காணாமல்போன குழந்தை, அடையாளப் பொருளால் தெரியவரும் பிறப்பு ஆகியவை எல்லாம் அந்தக் கிரேக்க வழி வந்தவை. மேய்ப்பர் உலகம் இத்தாலியில் சன்னசாரோவிடமிருந்தும் ஸ்பெயினில் மாண்டமேயரின் ‘டயானா’விலிருந்தும் வந்தது. வீரர் கதைகள் ஸ்பானியப் பக்கத்திலிருந்து ஆண்டனி மண்டே போன்றவர்களின் மொழிபெயர்ப்பில் வந்தன. இத்தாலியச் சிறுகதைகளை வில்லியம் பெயிண்டர் ‘இன்ப மாளிகை’ என்ற தொகுப்பாக 1566, 1567 ஆண்டுகளில் வெளியிட்டார்.

நாடகக்காரர்கள் ஏன் இந்தப் புத்தகங்களை நாடினார்கள்?

கதைக்குப் பஞ்சம். 1576-இல் ஷோர்டிச்சில் ‘தியேட்டர்’ என்ற பெயரிலேயே நிரந்தர நாடகக் கொட்டகை எழுந்தது. அடுத்தடுத்து மற்றவை வந்தன. ஒரே ஊரின் மக்கள் திரும்பத் திரும்ப வர வேண்டுமானால் நாடகம் நாளுக்கு நாள் மாற வேண்டும். கொட்டகை முதலாளி ஃபிலிப் ஹென்ஸ்லோவின் கணக்கேட்டைப் பார்த்தால் தினமும் வேறு வேறு நாடகம் போட்டிருப்பதும், சில வாரங்களுக்கு ஒரு முறை புதிய நாடகம் இறங்கியிருப்பதும் தெரியும். அத்தனை கதையை யார் தாமாகவே கற்பனை செய்வது? செயின்ட் பால் பேராலய முற்றத்துப் புத்தகக் கடைகளில் கதைகள் அச்சாகிக் கிடந்தன. எழுத்தாளனுக்குக் காப்புரிமை என்ற ஒன்று அன்று இல்லை. அச்சிடும் உரிமை பதிப்பாளருடையது. கதையை எடுத்து மேடையேற்றுவதைத் தடுக்க யாராலும் முடியாது.

நாடகத்தை வெறுத்த ஸ்டீஃபன் காஸன் 1582-இல் இதைக் குற்றச்சாட்டாகவே எழுதினார். ‘இன்ப மாளிகை’, ‘பொற்கழுதை’, ‘எத்தியோப்பியக் கதை’, ‘அமாடிஸ்’, வட்டமேசை வீரர் கதைகள் எல்லாவற்றையும் துருவிக் கொள்ளையடித்து லண்டன் நாடகக் கொட்டகைகளை நிரப்புகிறார்கள் என்றார். ஷேக்ஸ்பியருக்கு அப்போது 18 வயது. அவர் வருவதற்கு முன்பே இந்த வழக்கம் வேரூன்றிவிட்டது என்பதற்கு எதிரியின் வாக்குமூலத்தை விட நல்ல சாட்சி தேவையில்லை.

அப்படியானால் ஷேக்ஸ்பியர் திருடினாரா?

இந்தக் கேள்விக்கு அந்தக் காலத்தில் யாருக்கும் பொருள் புரிந்திருக்காது. தெரிந்த கதையை எடுத்துப் புதிதாகச் சொல்வதுதான் பள்ளியில் அவர்கள் கற்ற எழுத்துக் கலை. லாட்ஜின் ‘ரோஸலிண்ட்’டே 14-ஆம் நூற்றாண்டின் ‘கேமலின்’ என்ற பழங்கதைப் பாட்டிலிருந்து பாதி எடுத்தது.

ஆனால் இதற்கு நேர் எதிரான இன்னொரு தவறும் நடக்கிறது. கிரீனும் லாட்ஜும் வெறும் மண்வெட்டி ஆட்கள், சிற்பி வந்து சிலை செய்தார் என்பது போலச் சில பாடநூல்கள் எழுதுகின்றன. இது அநியாயம். பண்டோஸ்டோவின் பொறாமை, ரோஸலிண்டின் துடுக்கு, சிட்னியின் குருட்டு அரசனின் மரணம் ஆகிய மூன்றும் எழுதத் தெரிந்தவர்களின் கையால் முதலில் வந்தவை. ஷேக்ஸ்பியர் அவற்றை மதித்துப் படித்திருக்கிறார். வரிக்கு வரி அவர் கைக்கொண்ட இடங்களே அதற்குச் சான்று.

லிலியின் ‘யூஃபியூஸ்’ மேடைக்கு என்ன தந்தது?

கதை என்று பெரிதாக எதுவும் தரவில்லை. தந்தது பேச்சு. யூஃபியூஸ் என்ற ஏதென்ஸ் இளைஞன் நேப்பிள்ஸுக்கு வருகிறான், நண்பனின் காதலியைத் தன் பக்கம் இழுக்கிறான், அவள் இருவரையும் கைவிடுகிறாள். இவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் தராசின் இரண்டு தட்டு போல நிற்கும். இந்தப் பக்கம் ஒரு சொல் வைத்தால் அந்தப் பக்கம் எதிர்ச்சொல் வரும். எழுத்து மோனை இழையோடும். விலங்கு, செடி, கல் பற்றிய விசித்திரச் செய்திகள் உவமையாக வரிசை கட்டும். அரண்மனைப் பெண்கள் இந்த நடையில் பேசுவதையே பெருமையாக நினைத்தார்கள் என்று எட்வர்ட் பிளவுண்ட் 1632-இல் லிலியின் நாடகங்களைப் பதிப்பித்தபோது நினைவுகூர்ந்தார்.

லிலி இந்த நடையைத் தானே மேடைக்குக் கொண்டுபோனார். சிறுவர் குழுக்கள் நடித்த ‘கேம்பஸ்பி’, ‘கலத்தேயா’, ‘எண்டிமியன்’ ஆகியவை உரைநடையில் எழுதிய நகைச்சுவை நாடகங்கள். ஆங்கில மேடையில் உரைநடை வசனம் நயமாகவும் கூர்மையாகவும் பேசப்படலாம் என்பதை நிறுவியது அவர்தான். ‘மச் அடூ அபௌட் நத்திங்’ நாடகத்தில் பியாட்ரிஸும் பெனடிக்கும் வார்த்தைக்கு வார்த்தை மோதுவதற்கு அந்த அடித்தளம் வேண்டியிருந்தது.

கேலியும் வந்தது. ‘ஹென்றி IV’ முதல் பாகத்தில் ஃபால்ஸ்டாஃப் அரசர் வேடம் போட்டு இளவரசனுக்கு உபதேசம் செய்கிறான்: “கெமமைல் செடி மிதிக்க மிதிக்க வேகமாக வளரும், இளமையோ செலவழிக்கச் செலவழிக்கச் சீக்கிரம் தேயும்.” அந்தச் செடி உவமை லிலியின் புத்தகத்தில் இருப்பது. 1590-களின் பின்பாதியில் கொட்டகைக் கூட்டம் இதைக் கேட்டுச் சிரித்தது என்றால், லிலியின் நடை அவர்கள் காதில் அந்த அளவுக்குப் பதிந்திருந்தது என்று பொருள்.

சிட்னிக்கு நாடகம் பிடிக்காது என்கிறார்களே, அவரிடமிருந்து மேடை எதை எடுத்தது?

பிடிக்காது என்பதை விட, அன்றைய ஆங்கில நாடகத்தின் தாறுமாறு அவருக்குப் பிடிக்காது என்று சொல்லலாம். அவர் இறந்தபின் 1595-இல் வெளியான ‘கவிதைக்கான வாதம்’ நூலில் அவர் சொல்வதன் சாரம் இது: மூன்று பெண்கள் பூப்பறிக்க நடந்து வந்தால் மேடையைத் தோட்டம் என்று நம்ப வேண்டும், சற்று நேரத்தில் அதே இடத்தில் கப்பல் உடைந்த செய்தி வந்தால் அதைப் பாறை என்று ஏற்காதது நம் குற்றமாகிவிடும், நான்கு வாளும் கேடயமும் வந்தால் இரண்டு சேனைகள் என்று கொள்ள வேண்டும்.

அதே சிட்னியின் ‘ஆர்கேடியா’வின் முதல் வடிவம் ஐந்து பகுதிகளாக, ஐந்து அங்கங்களைப் போல அமைந்தது. இடையிடையே மேய்ப்பர் பாடல்கள். தங்கை மேரிக்காக எழுதியது. பிறகு அதை விரித்து எழுதத் தொடங்கினார். 1586-இல் நெதர்லாந்துப் போரில் பட்ட காயத்தால் இறந்தபோது அது ஒரு வாட்சண்டையின் நடுவே, வாக்கியம் முடியாமல் நின்றிருந்தது. அந்த முடியாத வடிவம் 1590-இல் அச்சானது. தங்கை 1593-இல் பழைய முடிவை ஒட்டி முழு நூலாக்கினார். முதல் வடிவத்தின் கையெழுத்துப் பிரதிகள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் கண்டெடுக்கப்பட்டன.

மேடை இதிலிருந்து நிறைய எடுத்தது. ஜான் டேயின் ‘ஐல் ஆஃப் கல்ஸ்’ (1606), போமாண்ட்டும் ஃபிளெட்சரும் சேர்ந்து எழுதிய ‘க்யூபிட்ஸ் ரிவெஞ்ச்’, ஷர்லியின் ‘ஆர்கேடியா’ என்று பட்டியல் போகும். 1598-இல் அச்சான ‘மியூசிடோரஸ்’ என்ற நாடகத்தின் நாயகன் பெயரே சிட்னியின் இளவரசனை நினைவூட்டும். யார் எழுதியதென்று தெரியாத அந்த நாடகம் அந்தக் காலத்தில் மிக அதிக முறை அச்சான நாடகங்களில் ஒன்று. ஆனால் இவை எல்லாவற்றையும் ஒரே ஒரு காட்சி மிஞ்சிவிடுகிறது. அதை அடுத்த கேள்வியில் பார்ப்போம்.

‘கிங் லியர்’ நாடகத்தில் சிட்னியின் பங்கு எது?

குளோஸ்டர் பிரபுவும் அவருடைய இரு மகன்களும் வரும் கிளைக்கதை முழுவதும். லியருக்கும் மூன்று மகள்களுக்கும் உரிய கதை வரலாற்று நூல்களிலும், 1605-இல் அச்சான பழைய ‘லெயர்’ நாடகத்திலும் இருந்தது. அங்கே குளோஸ்டர் இல்லை. அவன் ‘ஆர்கேடியா’வின் இரண்டாம் பகுதியில், பத்தாம் அத்தியாயத்தில் இருந்தான்.

குளிர்காலம். ஆலங்கட்டி மழையும் காற்றும். இரண்டு இளவரசர்கள் ஒரு பாறைக் குடைவில் ஒதுங்கியிருக்கிறார்கள். வெளியே இருவர் பேசுவது காதில் விழுகிறது. ஒருவர் கிழவர், கண் தெரியாதவர். மற்றவன் அவரைக் கைப்பிடித்து நடத்தும் இளைஞன், அவர் மகன். கிழவர் பாஃப்லகோனியா நாட்டின் அரசராக இருந்தவர். முறைதவறிப் பிறந்த மகன் பேச்சைக் கேட்டு நல்ல மகனைக் கொல்லச் சொன்னார். பிறகு அந்தத் தீயவனே அரசைப் பிடுங்கி, கண்ணைப் பிடுங்கி, துரத்திவிட்டான். இப்போது கிழவர் கேட்பது ஒன்றுதான்: “என்னை இந்தப் பாறையின் உச்சிக்குக் கூட்டிப் போ, குதித்துவிடுகிறேன்.” மகன் மறுக்கிறான்.

சிட்னியில் மகன் மறுப்பதோடு அது முடிந்தது. ஷேக்ஸ்பியரில் குளோஸ்டரின் நல்ல மகன் எட்கர் மறுக்கவில்லை. சரி என்கிறான். சமதரையில் நடத்திக்கொண்டே “செங்குத்தாக ஏறுகிறோம், கடல் இரைச்சல் கேட்கவில்லையா?” என்கிறான். கீழே மீனவர்கள் எலிகள் போலத் தெரிகிறார்கள் என்று வருணிக்கிறான். குளோஸ்டர் குதிக்கிறார், வெறும் தரையில் விழுகிறார். மேடையில் மலையும் இல்லை, பள்ளமும் இல்லை. பார்ப்பவனுக்கு அது தெரியும், கண்ணில்லாதவருக்குத் தெரியாது. மேடை வெறும் பலகைதானே என்று சிட்னி குறை சொன்னாரே, அந்த வெறும் பலகையைக் கொண்டே அவருடைய காட்சியை ஷேக்ஸ்பியர் மாற்றியிருக்கிறார். ஆங்கில நாடகத்தில் இதற்கு இணையான இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

கிழவரின் மரணத்தையும் பாருங்கள். சிட்னியின் அரசர் நல்ல மகனுக்கு முடி சூட்டிவிட்டு இறக்கிறார். துயரத்தால் ஏற்கெனவே உடைந்திருந்த இதயம் அளவு மீறிய ஆறுதலால் எல்லை தாண்டி விரிந்து உயிரைத் தாங்க முடியாமல் போயிற்று என்கிறார் சிட்னி. எட்கர் தன் தந்தையின் சாவைச் சொல்லும்போது, விரிசல் கண்ட இதயம் மகிழ்ச்சிக்கும் துக்கத்துக்கும் நடுவே சிக்கிச் சிரித்தபடியே வெடித்தது என்கிறான். சிட்னியின் நீண்ட வாக்கியம் சில வரிக் கவிதையாகிவிட்டது. எண்ணம் சிட்னியுடையது.

‘பண்டோஸ்டோ’வும் ‘த வின்டர்ஸ் டேல்’ நாடகமும் ஒரே கதையா?

முதல் பாதி ஏறக்குறைய ஒன்று. முடிவு முற்றிலும் வேறு.

கிரீனின் கதையில் பொஹீமிய அரசன் பண்டோஸ்டோ, தன்னைப் பார்க்க வந்த சிசிலி அரசன் எகிஸ்டஸோடு மனைவி பெல்லாரியாவைச் சேர்த்துச் சந்தேகப்படுகிறான். ஃபிரானியன் என்ற ஊழியனின் உதவியோடு நண்பன் தப்பி ஓடுகிறான். சிறையில் பிறந்த பெண் குழந்தையைப் படகில் வைத்துக் கடலில் விடுகிறார்கள். சிசிலியில் ஒரு மேய்ப்பன் எடுத்து வளர்க்கிறான். அங்கே இளவரசன் டோராஸ்டஸ் அவளைக் காதலிக்கிறான். ஷேக்ஸ்பியர் இரண்டு நாடுகளையும் இடம் மாற்றிவிட்டார். பெயர்களை எல்லாம் மாற்றினார்: பண்டோஸ்டோ லியாண்டிஸ் ஆனான், பெல்லாரியா ஹெர்மயோனி ஆனாள்.

விசாரணைக் காட்சிதான் அருகில் வைத்துப் பார்க்கத் தக்கது. கிரீனில் டெல்ஃபியிலிருந்து வந்த தெய்வவாக்கு இப்படிப் போகிறது: “சந்தேகம் சாட்சி ஆகாது, பொறாமை நடுநிலை தவறிய நீதிபதி, பெல்லாரியா கற்புடையவள், எகிஸ்டஸ் குற்றமற்றவன், ஃபிரானியன் உண்மையான குடிமகன், பண்டோஸ்டோ வஞ்சகன், அவன் குழந்தை களங்கமற்றது, தொலைந்தது கிடைக்காவிட்டால் அரசன் வாரிசின்றி வாழ்வான்.” ஷேக்ஸ்பியர் முதல் இரண்டு பொன்மொழிகளை வெட்டிவிட்டார். “ஹெர்மயோனி கற்புடையவள்” என்று நேராகத் தொடங்குகிறது. மீதி வரிசை அப்படியே. மன்றத்தில் நின்று கேட்பவர்களுக்கு நீதிமொழி வேண்டாம், தீர்ப்புதான் வேண்டும்.

அடுத்து நடப்பதுதான் பெரிய மாற்றம். கிரீனில் வாக்கைக் கேட்டதும் பண்டோஸ்டோ வெட்கி மனைவியிடம் மன்னிப்புக் கேட்கிறான். பிறகு மகன் இறந்த செய்தி வருகிறது, பெல்லாரியா விழுந்து சாகிறாள். ஷேக்ஸ்பியரில் லியாண்டிஸ் “இந்தத் தெய்வவாக்கில் உண்மையே இல்லை” என்கிறான். சொல்லி முடித்த உடனே மகன் சாவுச் செய்தி. கிரீன் தற்செயலாக வைத்ததை ஷேக்ஸ்பியர் அடியாக மாற்றினார். நான்கைந்து வரி இடம் மாறியதில் ஒரு மனிதனின் பாவம் முழுதாகிவிட்டது.

பொறாமை வரும் விதமும் மாறியது. கிரீன் அதை மெல்ல வளர்க்கிறார். பெல்லாரியா விருந்தாளியின் படுக்கையறை வரை போய் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பாள், கணவன் மனத்தில் புழு நுழையும். மேடையில் லியாண்டிஸுக்கு அது நோய் போலத் திடீரென்று வந்துவிடுகிறது. காரணமே தெரியாதது பார்ப்பவரை இன்னும் கலக்குகிறது.

முடிவில் சிலை உயிர்பெறுவது கிரீனிடம் உண்டா?

இல்லை. நாடகத்தின் கடைசியில் இறந்துபோனதாக நம்பப்பட்ட ஹெர்மயோனியின் சிலை உயிர்பெறுகிறது. கிரீனின் ராணி உண்மையாகவே இறந்துவிட்டாள். அதைவிடக் கொடுமை, பண்டோஸ்டோ பல ஆண்டு கழித்து வந்த தன் மகளை யாரென்று தெரியாமல் இச்சிக்கிறான். உண்மை தெரிந்து, திருமணம் முடிந்ததும் துயரத்தில் தற்கொலை செய்துகொள்கிறான். கதையின் துணைத்தலைப்பு ‘காலத்தின் வெற்றி’. காலம் உண்மையை வெளிக்கொண்டு வருகிறது, ஆனால் மன்னிப்பதில்லை.

ஷேக்ஸ்பியர் அந்த இச்சையை ஒற்றை வரிக்குச் சுருக்கினார். லியாண்டிஸ் தன் மகள் பெர்டிட்டாவை யாரென்று தெரியாமல் பார்த்து மயங்க, “உங்கள் கண்ணில் இளமை அதிகமாக இருக்கிறது” என்று ராணிக்கு விசுவாசமான பாலினா தடுத்துவிடுகிறாள். பாலினா முழுக்க ஷேக்ஸ்பியரின் படைப்பு. கரடிக்கு இரையாகும் ஆன்டிகோனஸும் அவருடையவன். ஆட்டோலிகஸும் அப்படியே, ஆனால் அவனுடைய ஜேப்படி வித்தைகள் கிரீன் எழுதிய திருடர் துண்டுப் பிரசுரங்களிலிருந்து வந்தவை. துணைத்தலைப்பில் இருந்த காலம் மேடையில் மணற்கடிகாரத்தோடு ஆளாகவே வந்து நின்று, 16 ஆண்டைத் தாண்டிவிட்டதற்குப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறது.

ஹெர்மயோனி உயிரோடு இருப்பதைப் பார்ப்பவர்களுக்கும் ஷேக்ஸ்பியர் சொல்லவில்லை என்பதை நினைவில் வையுங்கள். பொதுவாகத் தன் ரகசியங்களை அவர் அரங்கத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவார். இங்கே மட்டும் அரசனும் பார்வையாளரும் ஒன்றாகச் சிலையின் முன் நிற்கிறார்கள்.

1611 மே 15 அன்று குளோப் கொட்டகையில் இதைப் பார்த்த சோதிடர் சைமன் ஃபோர்மன் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். பொய்ப் பிச்சைக்காரர்களை நம்பக் கூடாது என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட பாடம். சிலை பற்றி ஒரு சொல் இல்லை.

பொஹீமியாவுக்குக் கடற்கரை கிடையாதே?

கிடையாதுதான். பென் ஜான்சன் 1619-இல் இதைச் சொல்லி நகைத்தார். ஆனால் கிரீனின் கதையிலும் பொஹீமியாவிலிருந்து கப்பல் புறப்படுகிறது. ரொமான்ஸின் நிலப்படம் அப்படித்தான்.

ஷேக்ஸ்பியரைக் காக்கை என்று ஏசிய கிரீனா இவர்?

அவரேதான். 1592 செப்டம்பரில் கிரீன் இறந்தார். அவர் பெயரில் அடுத்து வந்த சிறுநூல், நம் இறகுகளால் அழகு பெற்றுத் திமிர் பிடித்த காக்கை ஒன்று வந்திருக்கிறது என்று எச்சரித்தது. அதை ஹென்றி செட்டில் என்ற அக்கால எழுத்தாளர் எழுதியிருக்கலாம் என்று கருதும் அறிஞர்களும் உண்டு. ‘பண்டோஸ்டோ’வை எடுத்தது பழிவாங்கல் என்று சொல்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை. ஏறத்தாழ 20 ஆண்டு கழித்து ஒருவர் பழிவாங்க நினைத்தால், எதிரியின் தெய்வவாக்கை வரிசை குலையாமல் காப்பாற்ற மாட்டார்.

‘ஆஸ் யூ லைக் இட்’ எவ்வளவு தூரம் லாட்ஜுடையது?

கதை எலும்பு முழுவதும். லாட்ஜ் கடற்பயணத்தில் எழுதினார், ஒவ்வொரு வரியும் அலையில் நனைந்தது என்கிறார். முன்னுரையில் ‘உங்களுக்குப் பிடித்தால் நல்லது’ என்ற பொருளில் வாசகரிடம் சொல்லும் சொற்றொடர்தான் நாடகத் தலைப்புக்கு வித்தாகியிருக்க வேண்டும். அண்ணனால் ஒடுக்கப்பட்ட தம்பி, மற்போர், ஆண் வேடத்தில் கேனிமீட் என்ற பெயரோடு ஆர்டன் காட்டுக்குப் போகும் ரோஸலிண்ட், தோழி அலியேனா, மரங்களில் தொங்கும் கவிதை, ரோஸலிண்டாகவே நடித்துக் காதலனோடு பேசும் விளையாட்டு, பொய்க் கல்யாணம் எல்லாம் லாட்ஜில் உண்டு.

சோகப் பிரியன் ஜாக்குவிஸ், விதூஷகன் டச்ஸ்டோன், நாட்டுப்புறப் பெண் ஆட்ரி மூவரும் ஷேக்ஸ்பியர் சேர்த்தவர்கள். மேய்ப்பர் வாழ்வு இனிது என்று கதை சொல்லும்போதெல்லாம் இவர்களில் யாராவது நடுவில் புகுந்து, அப்படியா என்று கேட்பார்கள். லாட்ஜின் முடிவில் போர் நடந்து அரசைப் பறித்தவன் சாகிறான். ஷேக்ஸ்பியர் அவனைத் துறவி ஒருவரைச் சந்திக்க வைத்து மனம் திருப்பிவிட்டார்.

ஒன்றை மட்டும் புத்தகத்தால் தரவே முடியாது. அன்றைய மேடையில் பெண் வேடத்தைப் பையன்கள் போட்டார்கள். பையன் பெண்ணாக, அந்தப் பெண் ஆணாக, அந்த ஆண் ரோஸலிண்டாக நடிக்கிறான். நான்கு அடுக்கும் ஒரே உடம்பில் ஒரே நேரத்தில் தெரியும். பக்கத்தில் படிக்கும்போது கேனிமீட் என்ற பெயர் மட்டுமே வேடம். பின்னுரையில் அந்தப் பையன் “நான் பெண்ணாக இருந்தால்” என்று தொடங்கும்போது கடைசி அடுக்கும் கழன்றுவிடுகிறது.

வேறு எந்த நாடகங்களுக்கு இந்த வழி வந்த மூலம் உண்டு?

‘டூ ஜென்டில்மென் ஆஃப் வெரோனா’வுக்கு மாண்டமேயரின் ‘டயானா’. ‘ட்வெல்ஃப்த் நைட்’டுக்கு பார்னபி ரிச் 1581-இல் எழுதிய அப்போலோனியஸ், சில்லா கதை. ரிச்சில் பணக்கார விதவை கர்ப்பமாகி, ஆண் வேடத்திலிருக்கும் சில்லாதான் தகப்பன் என்று பழி சுமத்துவாள். சில்லா மேலாடையைக் களைந்து காட்டித் தன்னை நிரூபிக்க வேண்டிவரும். ஷேக்ஸ்பியர் அதைத் தொடவே இல்லை. வெப்ஸ்டரின் ‘டச்சஸ் ஆஃப் மால்ஃபி’ பெயிண்டரின் தொகுப்பிலிருந்து வந்தது.

நாடகத்திலிருந்து கதைப் புத்தகம் வந்ததுண்டா?

உண்டு. ‘பெரிக்ளிஸ்’ நாடகத்துக்கு ஒரு மூலம் லாரன்ஸ் ட்வைன் எழுதிய உரைநடைக் கதை. அது 1607-இல் மறுபடி அச்சானது. நாடகம் மேடையில் பெரிய வெற்றி. உடனே 1608-இல் ஜார்ஜ் வில்கின்ஸ் அதை உரைநடைக் கதையாக எழுதி விற்றார். ட்வைனின் பக்கங்களை அப்படியே அள்ளிப் போட்டும் கொண்டார். அவர்தான் ஷேக்ஸ்பியரோடு சேர்ந்து நாடகத்தின் முதல் பாதியை எழுதியவர் என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. 1609-இல் அச்சான நாடகப் பிரதி பிழை மலிந்தது. எனவே பதிப்பாசிரியர்கள் சிக்கலான வரிகளுக்கு வில்கின்ஸின் கதையைப் புரட்டிப் பார்க்கிறார்கள்.

எல்லாம் அரசகுமாரர் கதைதானா? உழைப்பவர்கள் யாரும் இல்லையா?

டெலோனியைப் படியுங்கள். பட்டு நெசவுத் தொழிலாளி அவர். ‘ஜாக் ஆஃப் நியூபரி’யில் நெசவாளர், ‘ஜென்டில் கிராஃப்ட்’டில் செருப்புத் தொழிலாளர். மாறுவேட இளவரசன் இங்கேயும் வருகிறான், ஆனால் செருப்புப் பட்டறையில் வேலை கற்கிறான். தாமஸ் டெக்கர் இதிலிருந்து ‘ஷூமேக்கர்ஸ் ஹாலிடே’ நாடகத்தை எழுதினார். 1599 ஜூலையில் அதற்காக 3 பவுண்டு கொடுத்ததாக ஹென்ஸ்லோவின் கணக்கேட்டில் இருக்கிறது. 1600 புத்தாண்டு நாளன்று அது ராணியின் முன் நடிக்கப்பட்டது. பட்டறைக்காரர்களின் பாட்டும் கூத்தும் அரண்மனைக்குள் போன அந்த இரவுக்காகவே டெலோனியை இன்னும் பலர் படிக்க வேண்டும்.

இவற்றை யார் படித்தார்கள்?

பெண்கள் நிறையப் படித்தார்கள் என்று எழுதியவர்களே நினைத்தார்கள். தன் புத்தகம் அறிஞரின் அறையில் திறந்து கிடப்பதை விடச் சீமாட்டியின் பேழைக்குள் மூடிக் கிடப்பதே மேல் என்று லிலி எழுதினார். ‘வீரத்தின் கண்ணாடி’ என்ற ஸ்பானிய வீரக்கதையை 1578-இல் மொழிபெயர்த்த மார்கரெட் டைலர், ஆண்கள் பெண்களுக்குக் கதைகளைக் காணிக்கையாக்கலாம் என்றால் பெண்கள் அவற்றைப் படிக்கலாம், எழுதலாம் என்று முன்னுரையில் வாதாடினார். துணிவான முன்னுரை அது. ஓவர்பரி பெயரில் 1615-இல் வந்த குணச்சித்திரத் தொகுப்பின் ஒரு சித்திரத்தில் வரும் பணிப்பெண் கிரீனைத் திரும்பத் திரும்பப் படிப்பாள். அது பரிகாசமாக எழுதப்பட்டது. ஆனாலும் வேலைக்காரப் பெண் கையில் கிரீன் இருந்தார் என்பது அதிலிருந்து தெரிகிறது. ‘பண்டோஸ்டோ’ 18-ஆம் நூற்றாண்டிலும் மலிவுப் பதிப்பாக விற்றது.

மளிகைக் கடைக்காரரும் படித்தார். போமாண்ட்டின் ‘நைட் ஆஃப் த பர்னிங் பெஸில்’ நாடகத்தில் கடைப்பையன் ரால்ஃப் ‘பால்மரின்’ கதையைச் சத்தமாக வாசித்துவிட்டு வீரனாகப் புறப்படுகிறான். முதல் முறை மேடையேறியபோது அந்த நாடகம் தோற்றது.

எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

‘பண்டோஸ்டோ’விலிருந்து. சிறியது, ஒரே மூச்சில் படித்துவிடலாம். அந்த வாரத்திலேயே ‘த வின்டர்ஸ் டேல்’ படியுங்கள், மூன்றாம் அங்கத்தின் விசாரணைக் காட்சியை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடுத்து ‘ரோஸலிண்ட்’. ‘ஆர்கேடியா’ முழுவதையும் எடுத்த எடுப்பில் தொட வேண்டாம், வாக்கியங்களின் நீளம் பயமுறுத்தும். 1590 வடிவத்தின் இரண்டாம் பகுதி, பத்தாம் அத்தியாயத்தை மட்டும் ‘கிங் லியர்’ நான்காம் அங்கத்தோடு சேர்த்துப் படித்தால் போதும். லிலியை வாய்விட்டுப் படிக்க வேண்டும், கண்ணால் படித்தால் அலுப்புத் தட்டும்.

நூல்கள் காப்புரிமை காலம் கடந்தவை, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். பழைய எழுத்துக்கூட்டல் தொல்லை தந்தால் நவீன எழுத்துக்கூட்டலில் வந்த பதிப்பைத் தேடுங்கள். கல்லூரி நூலகத்தில் ஜெஃப்ரி புல்லோ தொகுத்த ஷேக்ஸ்பியர் மூலநூல் தொகுதிகள் எட்டும் இருந்தால் வேறு எங்கும் அலைய வேண்டாம். ‘பண்டோஸ்டோ’ எட்டாம் தொகுதியில் இருக்கிறது.